பெட்டியைப் பார்த்தெழுதிய உண்மைப் பிரதி

பெரியமடு,
14.06.2011

அன்புள்ள மருமகன் நிரூபனுக்கு,

மாமா பாலசிங்கம் எழுதுவது. இங்கு நானும் மாமியும் உயிரோடு இருக்கிறோம். அங்கு நீங்களும் மகள் யதுர்சிகாவும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். எங்களையும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் கம்பனி எங்கள் முன்னறையில் வைத்திருக்கும் இன்டர்நெட் பெட்டி விடயமாக நீங்கள் போனில் சொன்னபடியே செய்தேன். "மாமா, கொழும்பிலயிருந்து எனக்கு உள்ளுக்குப் போகேலாமல் கிடக்கு. லப்டொப்பைக் கொழுவி, நான் சொல்லுறதை அடிச்சு, வாறதைப் பாருங்கோ. ஒண்டையும் மாத்திப் போடாதேங்கோ" என்றீர்கள். பார்த்தேன். ஒரு ரவுட்டர் சொல்லும் வழியை மற்ற ரவுட்டர்களுக்குத் திருப்பிச் சொல்வது இதன் வேலை, யார் யாருக்குச் சொல்வது என்ற பட்டியல்தான் திரையில் இருக்கிறது என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே போன் அறுந்துவிட்டது. மன்னாருக்குப் போய் அங்கிருந்து போனில் வாசித்துக் காட்டலாமென்று எழுதி எடுத்தேன். அங்கேதான் சனியன் பிடித்தது. முப்பது வருடம் பாடசாலை லிகிதராக இருந்தவனுக்கு ஒரு தாளைச் சும்மா எழுத வருமா? கோடு போட்டேன். "தகவல் கொடுப்போர், பெறுவோர் விபரம்" என்று தலைப்பிட்டேன். திரையில் இருந்தபடியே அரிப்பு, வங்காலை என்று இடங்களையும் இலக்கங்களையும் நிரப்பி, திரையில் வெறுமையாகக் கிடந்ததை வெறுமையாகவே விட்டு, கீழே "உண்மைப் பிரதி" என்று கையொப்பமும் வைத்தேன்.

பாலத்தடிச் சோதனைச்சாவடியில் அந்தத் தாளை என் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்கள். "மேக்க மொக்கத? என்ன இது?" என்றான் ஆமிக்காரன்.

"சேர், ஒராள் சொல்லுறதை இது மற்ற ஆக்களுக்குச் சொல்லும்."

"யாரு சொல்றது?"

"அரிப்பு சொல்லும், சேர். வங்காலைக்கு."

உண்மையைச் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகிக்கொண்டே போனது, தம்பி. பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. மூன்று மணித்தியாலம் அவர்களுடைய மரவாங்கில் இருந்தேன். யுத்தம் முடிந்து அகதிமுகாமில் இருந்தபோது பக்கத்துக் கூடாரத்து அமிர்தநாயகத்தைப் பெயர் வாசித்துக் கூட்டிப் போனார்கள், அவர் இன்னும் வரவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பயமென்றால் அப்படியொரு பயம். மருமகன் உண்டா என்றார்கள். மகளுக்குக் கலியாணமே ஆகவில்லை என்றேன். உங்களைக் காப்பாற்றத்தான், மகளுக்குச் சொல்ல வேண்டாம். கடைசியில் என் விலாசத்தை எழுதி, தாளை வைத்துக்கொண்டு என்னை விட்டார்கள்.

ஆகவே பெட்டியை உடனே கழற்றிக்கொண்டு போகவும். ஒராள் சொன்னதை இன்னொராளுக்குச் சொல்லும் எதுவும் இந்த வீட்டில் வேண்டாம். கூரை போட்டு ஐந்து மாதந்தான். இன்னொருதரம் இடம்பெயர எனக்குத் தெம்பில்லை.

இருவருக்கும் எங்கள் ஆசிகள். விபூதி உள்ளே வைத்திருக்கிறேன், பூசிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
க. பாலசிங்கம்
(ஓய்வுபெற்ற லிகிதர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஆமி ஜீப் வந்துவிட்டது. வந்தவர் அவர்களுடைய தொலைத்தொடர்புப் பிரிவு அதிகாரியாம். மாமி தேத்தண்ணி கொடுத்து, உங்கள் பெயர், கம்பனி, போன் நம்பர், கலியாண அல்பம் எல்லாவற்றையும் காட்டிவிட்டா. அவர் தாளில் வங்காலைக்கு நேரே வெறுமையாகக் கிடந்த கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுத் திருப்பித் தந்து, இதைப் பெறுவோர் பட்டியலில் சேர்க்காமல் விட்டதுதான் பிழை, மருமகனிடம் சொல்லுங்கள் என்றாராம். தாளைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பெட்டி இருக்கட்டும், கழற்ற வேண்டாம். இவ்வளவு வடிவாக எழுதியவரைப் பார்க்க வேண்டுமென்றும் கேட்டாராம். மாமி மூன்று தரம் கூப்பிட்டா. ஜீப் போய் ஒரு மணித்தியாலமாகிறது. இதையும் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்துதான் எழுதுகிறேன்.