சுண்டெலியின் ஆதி நிறம்

சக்கரத்தைக் கண்டுபிடித்ததுதான் மனித குலத்தின் பெரிய சாதனை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கண்டுபிடித்த சக்கரத்தைக் கழற்றி, நாலையும் நாலு மூலையில் சாய்த்துவைத்து, நாலு வருடம் அவற்றைச் சுற்றி உட்கார்ந்து விவாதிப்பது அதைவிடப் பெரிய சாதனை. அது எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்தது. நான் நேரில் பார்த்த சாட்சி. டீத் தட்டோடு நின்றபடி பார்த்தேன் என்பதற்காக என் சாட்சியத்தின் மதிப்பு குறைந்துவிடாது என்று நம்புகிறேன்.

சுண்டெலி என்பது ஒரு கார். இரண்டே கதவு, உருண்டையாக இரண்டு கண், நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடக்கூடிய உடம்பு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் நான் புதிதாக வாங்கியது. எலி நிறத்தில் இருந்தது, எந்தச் சந்திலும் நுழைந்தது. அதனால் நானே வைத்த பெயர் அது. பதினாறு வருடம் ஓட்டினேன். நடுவில் ஒரு லாரி உரசிவிட்டுப் போனபோது வெளியே முழுக்கச் சிவப்பு அடித்தோம். கடைசியில் கிளட்ச் போனது, ஷெட்டுக்குள் போனது. மேலே அட்டைப்பெட்டிகள் ஏறின.

என் கணவர் ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குச் சேதமில்லாமல் அனுப்பிவைத்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஷெட்டைத் திறந்து, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இதை மீட்டெடுக்கப் போறேன்."

"ரிப்பேர் பண்ணப் போறீங்களா?"

"ரிப்பேர் இல்லம்மா. மீட்டெடுப்பு."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"ரிப்பேர்னா வண்டி ஓடும்."

அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஒரு மனிதர் தனியாக ஸ்பேனரைத் தூக்கினால் அது வேலை. மூன்று பேர் சேர்ந்து ஸ்பேனரைப் பார்த்தால் அது 'மீட்டெடுப்புக் குழு'. தலைவர், என் கணவர். செயலாளர், பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார். குறிப்பேடு எழுதுவது அவர் பொறுப்பு. தொழில்நுட்ப ஆலோசகர், எதிர்வீட்டுப் பல் டாக்டர். கிளினிக்கை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, கருவிகளை மட்டும் ஒப்படைக்க மனமில்லாமல் கையோடு கொண்டுவந்தவர். காரின் உரிமையாளர் என்று ஒருத்தியும் இருந்தாள். அவளைச் சேர்த்தால் 'சொந்தப் பாசம் கலந்து ஆய்வின் நடுநிலை கெடும்' என்று முதல் கூட்டத்திலேயே ஒருமனதாக முடிவானது.

வாரத்துக்கு மூன்று கூட்டம். கூட்டத்துக்கு இரண்டு டீ. வாத்தியாரின் குறிப்பேட்டை நான் பயபக்தியோடு படித்திருக்கிறேன். ஒரு நாள் குறிப்பு இது: "இன்று ஒரு போல்ட் கழற்றப்பட்டது. அது எதன் போல்ட் என்ற கேள்வி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது." என்ன தெளிவு! என்ன நேர்மை!

என் துணி துவைக்கும் மெஷின் ஷெட்டிலிருந்து வராந்தாவுக்குத் 'தற்காலிகமாக' இடம்பெயர்ந்தது. கார்புரேட்டர் சாப்பாட்டு மேசைக்குக் குடிவந்தது. ஸ்டியரிங் சக்கரம் எங்கள் கட்டிலில், நடுவில், ஒரு துண்டின் மேல் படுத்தது. மூன்றாம் வருடம் ஒரு மெக்கானிக் வந்து எஞ்சினையும் கிளட்சையும் நாலே நாளில் சரிசெய்து ஓடவைத்துவிட்டுப் போனார். குறிப்பேட்டில் அது 'இதர பணிகள்' என்ற தலைப்பில் அரை வரியாக இருக்கிறது.

இந்த நிலையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் ஓட்டுநர் உரிமம் பிறந்தநாளோடு முடிகிறது. என் வயதுக்கு, அதிகாரி முன்னால் வண்டி ஓட்டிக் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். வண்டி நாமே கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. விட்டால் உரிமம் போனது போனதுதான். மறுபடி முதலிலிருந்து கற்றுக்குட்டியாக எழுதிக்கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும்.

என் கணவரின் பெரிய கார் ஒரு கப்பல். அதில் உட்கார்ந்தால் எனக்கு ஸ்டியரிங் தெரியும், வானம் தெரியும். நடுவில் இருக்கிற சாலை தெரியாது. எனக்குக் கை பழகியது சுண்டெலி ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என் அக்கா இருக்கிறாள், இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாக வீட்டோடு. என் கணவர் அழைத்துப்போவார், அதை நான் மறுக்கவில்லை. போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் வாசலில் நின்று சாவியைக் குலுக்குவார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வழக்கைப் பேசி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுமாங்க?"

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. பெயிண்ட் மட்டும்தான் பாக்கி."

"என்ன பெயிண்ட்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுதானே ஆராய்ச்சியே!"

ஆதி நிறம் எது? தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று சுண்டெலி என்ன நிறம்? பல் டாக்டர் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, பல்லில் கறை சுரண்டும் கொக்கியால் கதவைச் சுரண்டினார். பழக்கதோஷத்தில் கதவிடம், "வலிக்காது, வலிக்காது," என்றார்.

"மேலே சிவப்பு. அதுக்குக் கீழே சாம்பல்," என்று அறிவித்தார்.

"அதுதாங்க கலர்," என்றேன் நான், தட்டை இறக்கியபடி. "சாம்பல். அதனாலதான் சுண்டெலின்னு பேரே வெச்சேன்."

"சிஸ்டர், சாம்பல்ங்கிறது அஸ்திவாரப் பூச்சு," என்றார் வாத்தியார், பின்பெஞ்சு மாணவியிடம் பேசும் பொறுமையோடு. "எல்லா வண்டிக்கும் அடியில அதான் இருக்கும்."

"நான் வாங்கினப்போ சாம்பல்தாங்க இருந்துச்சு! போட்டோ இருக்கு."

போட்டோவைக் கொண்டுவந்தேன். சுண்டெலியும் நானும். மூவரும் தலைகளை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள்.

"கறுப்பு வெள்ளை போட்டோ," என்றார் என் கணவர். "இதுல நீயும்தான் சாம்பல் கலர்ல இருக்கே."

"நேர்ல பார்த்தவ சொல்றேன்ல?"

"வாய்வார்த்தை எல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா. எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடு."

எழுத்து மூலமாகவே கொடுத்தேன். நல்ல தாளில், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. அடுத்த கூட்டத்தில் அந்தத் தாள் பயன்பட்டது, மறுக்க முடியாது. கிரீஸ் துடைத்தார்கள்.

பிறகு வந்தது அந்த வரலாற்றுச் சிறப்பு மிக்க செவ்வாய்க்கிழமை. டாக்டர் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டார். உள்ளிருந்து கூவல் வந்தது.

"பச்சை! இளம்பச்சை! யாருமே தொடாத இடம்!"

மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். என் கணவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், வேறு காரணத்தால். நான் ஓட்டிய காலத்தில் அந்த இடத்தில் துரு பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை அலமாரிக்கு உள்பக்கம் அடித்து மிச்சமிருந்த பெயிண்டை நானே மண்டிபோட்டுப் பூசினேன். அலமாரிக்கு வெளியே பிறகு வெள்ளை அடித்துவிட்டோம். உள்ளே இன்றும் அதே பச்சை.

"அது நான் பூசினதுங்க," என்றேன்.

யாருக்கும் காது கேட்கவில்லை. நிறத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். 'ஆதிப் பச்சை' என்று தீர்மானமானது.

பெயிண்ட் அடிக்க வந்தவர் தொழில்காரர். ஸ்ப்ரே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "சார், இது கார் பெயிண்டே இல்லை. வீட்டுக் கதவுக்கு அடிக்கிற எனாமல். பிரஷ் கோடு தெரியுது பாருங்க. ஒரு முடிகூட ஒட்டிக்கிட்டு இருக்கு."

டாக்டர் இடுக்கியால் அந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "கையால செஞ்ச காலம்!" என்றார் தழுதழுத்து. முடி ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் போனது. பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் பெயிண்டரைப் பார்த்தேன்.

"அடிச்சிடுங்க தம்பி," என்றேன்.

ஷெட்டைச் சுற்றி பிளாஸ்டிக் திரை, தரையில் தண்ணீர். தூசி எழும்பக் கூடாது என்று ஒரு நாள் முழுக்கக் குழு வெளியே நின்று மெதுவாக மூச்சு விட்டது. அப்படியும் ஒரு கொசு பானெட்டில் ஒட்டிக்கொண்டது. அதை எடுப்பதா, விடுவதா என்று விசேஷக் கூட்டம். எடுக்கலாம் என்று முடிவாகும்போது பெயிண்ட் காய்ந்திருந்தது. கொசு இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஆதிப் பச்சையில்.

ஆனாலும் சொல்கிறேன், சுண்டெலி அழகாக இருந்தது. கண்ணாடி போல மின்னியது. வியாழக்கிழமை மாலை குழு அதைச் சுற்றி நின்று பெருமூச்சு விட்டபோது நான் கை நீட்டினேன்.

"சாவி குடுங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் போகணும்."

கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது... ஞாயித்துக்கிழமை பழைய கார் கண்காட்சி," என்றார் என் கணவர்.

"என் டெஸ்ட் வெள்ளிக்கிழமை."

"நாளைக்கு ஓட்டினா டயர்ல அழுக்கு ஒட்டும்மா."

"டயர் அதுக்குத்தானே?"

"சிஸ்டர், தீர்மானம் போட்டாச்சு," என்று வாத்தியார் குறிப்பேட்டைப் பிரித்தார். "இனி வண்டியின் மீட்டர் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடலாகாது. ஒருமனதாக."

"அப்போ என் லைசென்ஸ்?"

"உனக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்றார் என் கணவர், மிகுந்த அன்போடு. "எங்கே போகணும்னாலும் நான்தான் இருக்கேன்ல?"

பிறகு சமாதானமாக, கண்காட்சியில் காரின் முன்னால் வைக்கப் போகும் பலகையைக் காட்டினார். பளபளவென்று எழுதியிருந்தது. 'நிறம்: ஆதிப் பச்சை, ஆய்வில் உறுதி செய்யப்பட்டது. மீட்டெடுத்தோர்:' மூன்று பெயர்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'முதல் உரிமையாளர்: தகவல் இல்லை.'

"தகவல் இல்லையா?"

"எழுத்து மூலமா எதுவும் கிடைக்கலை சிஸ்டர்," என்றார் வாத்தியார்.

நான் கோபப்படவில்லை. "மூணு பேரும் ஒரு நிமிஷம் சமையலறைக்கு வாங்க," என்றேன்.

"டீ ரெடியா மேடம்?" என்றார் டாக்டர் ஆவலாக.

"வாங்களேன்."

வந்தார்கள். வாசலிலேயே கொஞ்சம் தயங்கினார்கள், புது ஊர் ஸ்டேஷனில் இறங்கியவர்கள் மாதிரி. நான் மேல் அலமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்தேன்.

டாக்டர் கொக்கியை எடுத்து லேசாகச் சுரண்டிப் பார்த்தார். "வலிக்காது" என்று சொல்லவில்லை. வாத்தியார் குறிப்பேட்டை மூடினார். என் கணவர் அலமாரியைப் பார்த்தார், ஜன்னல் வழியே ஷெட்டைப் பார்த்தார், மறுபடி அலமாரியைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டேன்.

"முன்னூறு... நானூறு பேர்."

"நானும் வரேன். யாராவது நிறத்தைப் பத்திக் கேட்டா சொல்லணும்ல?"

நிறத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். சாவி என் கையில் இருந்தது. ஒருமனதாக.

வெள்ளிக்கிழமை சுண்டெலி கிளட்சை எடுத்ததும் ஒரு தும்மல் தும்மிவிட்டு, அன்றைக்குப் போல ஓடியது. பக்கத்து இருக்கையில் என் கணவர், டயரையே நினைத்துக்கொண்டு. அதிகாரி பரீட்சை அட்டையோடு வந்து குனிந்தார்.

"வண்டி யாரோடதும்மா?"

"என்னோடது சார்."

"இவர்?"

"குழுத் தலைவர்."

அவரை இறங்கச் சொல்லிவிட்டு அதிகாரி ஏறிக்கொண்டார். பின்னால் எடுத்தேன், திருப்பினேன், ஏற்றத்தில் நிறுத்தி உருளாமல் கிளப்பினேன். கையெழுத்துப் போடும்போது, "கலர் பிரமாதம்மா. ஒரிஜினலா?" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே என் கணவர் வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷ ஆராய்ச்சி சார்," என்றேன். கொடுத்த வாக்கு.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். என் கணவர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். எனக்கு யாரும் சாவியைக் குலுக்கவில்லை. பேச்சு மூன்று மணி நேரம் நீண்டது. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் சுண்டெலிக்கு 'ஆதி நிறம் காத்த வண்டி' என்று கேடயம் கொடுத்தார்கள். பலகையில் 'தகவல் இல்லை' என்ற இடத்தில் மட்டும் நான் பேனாவால் என் பெயரை எழுதிவைத்தேன்.

குழுவை நான் இன்றும் பாராட்டுகிறேன். அப்படியொரு ஆராய்ச்சியை யாரால் செய்ய முடியும்? டாஷ்போர்டுக்கு அடியில், வெளிச்சம் எட்டாத இடத்தில், ஒரு பச்சைத் திட்டைக் கண்டுபிடித்த கண்கள் அவை! அந்தப் பச்சை அலமாரியில்தான் எங்கள் வீட்டு டீ கப்புகள் இருக்கின்றன. நாலு வருடம், வாரத்துக்கு மூன்று கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு டீ. மூன்று பேரில் ஒருவர், ஒரே ஒரு தடவை, தன் கப்பைத் தானே எடுக்க எழுந்து வந்திருந்தால் போதும்.