லாபு எஸ்டேட்டுக்கு நான் தூக்கிட்டுப் போன தட்டு

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. லாபு பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் போகணும். மாரிமுத்துன்னு ஒரு அங்கிளைப் பார்க்கணும். "எவ்ளோ குடிக்கிறீங்க, மனசுல என்ன கவலை?"ன்னு கேட்டு எழுதிட்டு வரணும். அவ்ளோதான் லா.

குடிப்பழக்கம், மன அழுத்தம் பத்தின ஆராய்ச்சியில நான் உதவியாளர். பேருதான் பெருசு. இந்த மாசம் ஒரு பேட்டியாவது உருப்படியா வரலைன்னா கான்ட்ராக்டுக்கு சலாம்.

அங்கிளுக்கு என்னை விட மோசம். செம்பனைப் பழம் ஏத்துற லோரி ஓட்டுறவர். "இன்னொரு தடவை சம்சு சாராய வாசனையோட ஸ்டியரிங்கைத் தொட்டாரு, வேலையும் போச்சு, எஸ்டேட் வீடும் போச்சு"ன்னு எஸ்டேட் ஆளுங்களை வேலை வாங்குற மண்டோரே போன்ல சொன்னாரு. அவர்தான் நம்ம ஆராய்ச்சிக்கு அங்கிள் பேரைக் கொடுத்தது.

கிளம்புறதுக்கு மொத நாளு ஆபீஸ்ல மீட்டிங். எங்க பெரிய டாக்டர் சொன்னாரு, "கேள்வி எல்லாம் வெளிநாட்டுல எழுதினது. நம்ம ஆளுங்க பண்பாட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். நீ தமிழன்தானே, சொல்லு."

நானோ சிரம்பான் டவுன்ல, ரஹாங் தாமான் வீட்ல வளர்ந்தவன். எஸ்டேட்டை ஹைவேயில போகும்போது கண்ணாடி வழியா பார்த்திருக்கேன். அதை வெளிய சொல்ல முடியுமா?

"வெறுங்கையோட போகக்கூடாது டாக்டர். தட்டு எடுத்துட்டுப் போகணும். ஜிப்பா போடணும்."

டாக்டர் அசந்துட்டாரு! உடனே குறிப்பு எடுத்தாரு. என் பண்பாட்டு ஞானத்தை நெனைச்சு எனக்கே புல்லரிச்சுது.

காலையில சிரம்பான் பாசார்ல பூக்கடை அக்காகிட்ட போனேன்.

"என்ன விசேஷம் தம்பி?"

"ஒரு வீட்டுக்கு மொத தடவை போறேன்க்கா. நல்லா அமையணும்."

அக்கா என் ஜிப்பாவைப் பார்த்தாங்க. சிரிச்சாங்க. வெத்தலை, பாக்கு, பழம், குங்குமம், சூடம் எல்லாம் அடுக்கி, மேல மல்லிகைப்பூவைச் சுருட்டி வச்சு, "பூ என் கணக்கு, நல்லபடியா முடியும் போ"ன்னாங்க. ஆராய்ச்சிக்கு மக்கள் ஆதரவைப் பாருங்கன்னு நெனைச்சுக்கிட்டேன். நான் ஒரு எருமை!

எஸ்டேட் லயத்து வீட்டு வரிசைக்குள்ள காரை நிறுத்தி தட்டோட இறங்கினேன். அவ்ளோதான், எல்லா வீட்டு கதவும் தொறந்துச்சு.

வாசல்ல நின்ன லெட்சுமி ஆண்டி, அதாவது மாரிமுத்து அங்கிள் சம்சாரம், தட்டைப் பார்த்தாங்க. "ரஹாங்ல இருந்துதானே?"

"ஆமா ஆண்டி."

"சொன்னாங்க, சொன்னாங்க. ஆனா அடுத்த வாரம்னு சொன்னாங்களே! சரி உள்ள வாங்க. வீட்ல பெரியவங்க வரலையா?"

"இல்ல ஆண்டி, நான் மட்டும்தான் வருவேன்."

"தைரியம்தான்"ன்னாங்க.

மண்டோர் முன்கூட்டியே சொல்லி வச்சிட்டாரு போலன்னு நான் நிம்மதியா உக்காந்தேன்.

கொஞ்ச நேரத்துல அவங்க மக செல்வி தேத்தண்ணி கொண்டு வந்தா. பட்டுச்சேலை. தலை நெறைய என் தட்டுல இருந்த மல்லிகைப்பூ. சனிக்கிழமை காலையில பட்டு கட்டிக்கிட்டு தேத்தண்ணி கொடுக்கிறாங்கன்னா, எஸ்டேட்ல இன்னும் பண்பாடு இருக்குன்னு அதையும் மனசுல குறிச்சுக்கிட்டேன்.

செல்வி நேரா கேட்டா. "நீங்க குடிப்பீங்களா?"

மொதல்ல நம்மளைப் பத்தி மனசு விட்டுப் பேசினாத்தான் எதிர்ல இருக்கவங்களும் பேசுவாங்கன்னு பயிற்சியில சொல்லிக் கொடுத்திருக்காங்க. "சனிக்கிழமை ஆனா ரெண்டு பீர்"ன்னேன்.

"ம்ம்"ன்னுட்டு உள்ள போயிட்டா.

அங்கிள் வந்தாரு. குளிச்சு, பட்டையா விபூதி பூசி, வேட்டியில. நம்ம விதிப்படி பேட்டி ரகசியமா நடக்கணும். சன்னல்ல பாதி எஸ்டேட் நின்னுச்சு. நான் தொண்டையைச் செருமிக்கிட்டு மொத கேள்வியை எடுத்து விட்டேன்.

"அங்கிள், நீங்க குடிப்பீங்களா? குடிச்சா நிறுத்த முடியாம போயிருக்கா?"

அங்கிள் முகம் செத்துப் போச்சு. "சேச்சே! நானா? வாசனையே ஆகாது."

சன்னல்ல இருந்து பக்கத்து வீட்டு பொன்னம்மா ஆண்டி, "ஆமா ஆமா, நேத்து கால்வாய்ல படுத்துக்கிட்டு பாட்டுப் பாடினது நாந்தான்"ன்னாங்க.

சன்னலே சிரிச்சுது. லெட்சுமி ஆண்டி மட்டும் சிரிக்கல. தலையைக் குனிஞ்சு முந்தானையை முறுக்கிக்கிட்டு இருந்தாங்க. 

அங்கிள் அதைப் பார்த்தாரு. விருட்டுன்னு எந்திரிச்சாரு. என் தட்டுல இருந்த சூடத்தை எடுத்துத் தரையில வச்சு கொளுத்தினாரு.

"எம் மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன். இது சத்தியம்!"

பட்டுன்னு உள்ளங்கையால சூடத்தை அடிச்சு அணைச்சாரு. 

நான் பேனாவை எடுத்து கேள்வித்தாளைப் புரட்டினேன். இப்படி ஒரு பதில் எந்தக் கட்டத்துல வரும்னு தேடிக்கிட்டு இருந்தேன்.

அங்கிள் திரும்பி என்னைப் பார்த்தாரு. "போதுமா மாப்பிள்ளை? இப்ப சொல்லுங்க, தேதி எப்போ வச்சுக்கலாம்?"

மாப்பிள்ளையா!

அப்பத்தான் மண்டைக்குள்ள பல்பு ஒவ்வொண்ணா எரிஞ்சுது. ஜிப்பா. பூக்கடை அக்கா சிரிப்பு. பட்டுச்சேலை. ரெண்டு பீர்!

"அங்கிள்... நான் பொண்ணு பார்க்க வரல. குடி பத்தின ஆராய்ச்சிக்கு வந்தேன். மண்டோர் சொல்லலையா?"

"மண்டோரு ஒண்ணும் சொல்லலையே! கல்யாணத் தரகருல்ல ரஹாங் மாப்பிள்ளை வர்றாருன்னு சொன்னாரு!"

பொன்னம்மா ஆண்டி சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. அங்கிளுக்குக் கண்ணு செவந்துடுச்சு. "அப்ப இந்தச் சத்தியம் செல்லாது!"

லெட்சுமி ஆண்டி அப்பத்தான் நிமிர்ந்தாங்க. "நீங்க சத்தியம் பண்ணது சாமிக்கு. இந்தத் தம்பிக்கு இல்ல. சூடம் அணைஞ்சாச்சு. அடிச்ச கையைக் காட்டுங்க."

கையில கரி. அங்கிள் அதை வேட்டியில துடைச்சாரு. கடைசியா ஒரு நூலைப் பிடிச்சாரு. "சரி, தாலி ஏறுற வரைக்கும்தானே? அடுத்த வாரம் அந்த உண்மையான மாப்பிள்ளை வருவான்ல?"

செல்வி தலையில இருந்த பூவை சரி பண்ணிக்கிட்டே சொன்னா. "வரட்டும்பா. நான் எவனையும் இப்போதைக்குக் கட்டிக்கிறதா இல்ல. அவசரமே இல்ல."

லெட்சுமி ஆண்டி மகளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அழுதுக்கிட்டே எனக்கு இன்னொரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாங்க.

வாசல்ல செருப்பு மாட்டும்போது செல்வி சொன்னா, "நீங்க மாப்பிள்ளையாவே வந்திருந்தாலும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ரெண்டு பீர்."

காருக்குள்ள உக்காந்து டாக்டருக்கு போன் போட்டேன்.

"பண்பாட்டு முறை வேலை செஞ்சுச்சா?"

"பிரமாதம் டாக்டர்! ஆளு குடிய விட்டுட்டாரு."

டாக்டர் பேப்பரைப் புரட்டுற சத்தம் கேட்டுச்சு.

"விட்டுட்டாரா? அப்ப அவரு நம்ம ஆராய்ச்சிக்கு லாயக்கில்ல. குடிக்கிறவங்கதானே வேணும்? மம்பாவ்ல ஒருத்தர் இருக்காரு, திங்கக்கிழமை போ. தட்டை மறந்துடாதே."

போறேன். ஆனா இனிமே என் மொத கேள்வி குடியைப் பத்தி இல்ல, வீட்ல கல்யாண வயசுல பொண்ணு இருக்கான்னுதான்.