மன்னெஸ் வீட்டு வளைவும் நான் அறுத்த ஏணியும்

பெறுநர்: ஆசிரியர் அவர்கள், 'வெஸ்டர்ஹூக் மாதமடல்'

பொருள்: நம் தெருவிலிருந்த ஒரே எட்டு மீட்டர் நீட்டு ஏணியைச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் என் கையாலேயே இரண்டாக அறுத்து ஒரு தெருவின் உயிரைக் காப்பாற்றிவிட்டேன்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலெய்டா அத்தை என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் பத்திரிகைக்கு எழுதும்போது உறவு கொண்டாடக் கூடாது என்று நீங்களே சொல்லியிருப்பதால் இந்தக் கடிதம் முடியும்வரை நீங்கள் ஆசிரியர், நான் வாசகன். ஸ்வோலெ நகரில் உங்கள் தங்கை வீட்டில் புது முட்டியோடு நடக்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாடிப்படி ஏறும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். ஏணிக்கும் அதுதான் விதி.

என்னைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வரி. என் பெயர் யோர்ன், வயது இருபது, 'ஏணிக்காரன்' என்ற பெயரில் இணையத்தில் வீடியோ போடுகிறேன், பின்தொடர்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒருவர் நீங்கள், இன்னொருவர் உங்கள் பழைய போன். ஏணியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாம் நானே பார்த்து, நானே படித்து, ஒருமுறை நானே விழுந்து கற்றுக்கொண்டது.

மார்ச் மாதம் மன்னெஸ் மாமாவின் வலப்பக்கத்து வீட்டை நான் வாடகைக்கு எடுத்தபோது, வாடகையோடு சேர்ந்து வேறு ஒன்றும் வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு வலப்பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் அந்த வீட்டுக்கு முதல் அண்டைவீட்டார், அந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் யாராவது இறந்தாலும் தெருவுக்குச் சொல்வது அவர்கள் பொறுப்பு, கல்யாண நாள் வளைவைத் தூக்கி நிறுத்துவதும் அவர்கள் பொறுப்பு. இது நம் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இருபது வயதில், சாமானைக்கூட இன்னும் பெட்டியிலிருந்து பிரிக்காத ஒருவன் தலையில் அது விழுந்தால் எப்படி இருக்கும் என்பது தெரியாது. அதுவும் மன்னெஸ் மாமாவுக்கும் டீனி அத்தைக்கும் இது கல்யாணமாகி நாற்பதாவது வருஷம். மூன்று வாரம் அதே தெருவில் மாடு வளர்க்கும் பென்னியின் கொட்டகையில் உட்கார்ந்து அறுநூறு சிவப்புக் காகித ரோஜா மடித்தோம், நூறு ரோஜாவுக்கு ஒரு சின்ன கிளாஸ் ஜெனீவர் சாராயம் என்று கணக்கு, அதனால் ஐநூறுக்கு மேல் மடித்ததெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கின்றன. வாசலைச் சுற்றி தேவதாரு இலை வளைவு, அதற்கு மேலே கூரை முகப்பில் ரோஜாவால் '40' என்று ஒரு பலகை. வளைவு தரையில் நின்றுகொள்ளும். பலகைதான் ஐந்தரை மீட்டர் மேலே.

வெள்ளிக்கிழமை ஹெட்டி அக்கா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். தெருவில் எது எப்படி நடக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார், அவரை யார் அந்த வேலையில் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

“யோர்ன், நாளைக்கு நாலு மணிக்குக் காபி. அதுக்குள்ள வளைவும் ஏறணும், நாப்பதும் ஏறணும். ஏறலைன்னா முதல் அண்டைவீட்டுப் பொறுப்பை பென்னிகிட்ட குடுத்துடுவோம். அவன் ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்கான், ஆனா அவனுக்குக் கை ஓடும்.”

“எனக்கும் ஓடும் அக்கா.”

“உனக்கு விரல்தான் ஓடுது. அதுவும் போன் மேல.”

ஆசிரியர் அவர்களே, அன்று இரவு நான் தூங்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் நன்றாகத் தூங்கினேன், ஏனென்றால் களைத்த ஆள் ஏணியில் ஏறக் கூடாது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பென்னி தன் மாட்டுத்தொழுவத்துச் சுவரிலிருந்து ஏணியை இறக்கி டிராக்டரில் கொண்டுவந்தார். தெரு முழுக்கக் கூடியிருந்தது. ஏணியை நேராகச் சுவரில் சாய்ப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், நான் அதைப் புல்லில் படுக்க வைத்தேன். முதலில் கால்கள். இடது ரப்பர் தேய்ந்து குளியல் சோப்பு மாதிரி வழுவழு என்றிருந்தது. என்னிடம் புது ஜோடி தயாராக இருந்தது, மாற்றினேன். கயிறு நைந்திருந்தது, மாற்றினேன். மேல்பகுதியைப் பிடித்து நிறுத்தும் இரண்டு கொக்கிகளில் ஒன்றுக்குள் சிலந்தி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது, அவர்களைப் பக்கத்துச் செடிக்கு மாற்றிவிட்டு, தூசி ஒட்டாத எண்ணெய் அடித்து, இரண்டும் ஒரே நேரத்தில் சொடுக்கென்று விழும்வரை ஏற்றி இறக்கினேன். சட்டத்தில் தெரிந்த அழுக்கைச் சுரண்டித் துடைத்து, ஒவ்வொரு படியையும் முறுக்கிப் பார்த்தேன். மணி பத்தரை ஆகிவிட்டது.

“தம்பி,” என்றார் பென்னி, “இன்னைக்கு மன்னெஸுக்குக் கல்யாண நாளா, ஏணிக்கா?”

அப்போதுதான் அதைக் கண்டேன். மேல்பகுதியில், இடது சட்டத்தில், ஒன்பதாம் படிக்குச் சற்று மேலே, குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. மயிரிழை. நான் பாதுகாப்புக் கையுறையைக் கழற்றாமலேயே, ஏனென்றால் அதைக் கழற்றக் கூடாது, விரலால் தடவிப் பார்த்தேன். உடனே படம் எடுத்துப் போட்டேன். ஏழு நிமிஷத்தில் பதினான்கு பதில்கள். பெல்ஜியத்திலிருந்து ஒருவர் ஒரே சொல் எழுதியிருந்தார்: “அறு.”

இங்கே வாசகர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் விரிசல் விழுந்தால் அதை ஒட்டவைக்கக் கூடாது, தகடு வைத்து ஆணி அடிக்கக் கூடாது, 'இன்னும் ஒரு தடவை மட்டும்' என்று ஏறக் கூடாது. தூக்கி மூலையில் போடவும் கூடாது, ஏனென்றால் அதை எவனாவது எடுத்து ஏறுவான். இனி யாரும் ஏற முடியாதபடி அறுக்க வேண்டும். அதுதான் முறை.

“கோடுதானேடா இருக்கு?” என்றார் ஹெட்டி அக்கா.

“எல்லா விரிசலும் முதல்ல கோடாத்தான் இருக்கும் அக்கா.”

“போன வாரம்தான் இதுல ஏறி கூரைத் தண்ணிக்குழாய்ல இலை அள்ளினேன்,” என்றார் பென்னி.

“அப்போ நீங்க நிக்கறது போனஸ்ல, பென்னி அண்ணே.”

வீட்டுக்குள் திரை போட்ட ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மன்னெஸ் மாமா குரல் வந்தது. “எந்தக் கோடுடா?”

“நீ பாக்கக் கூடாது,” என்று டீனி அத்தை உள்ளேயிருந்து அதட்டினார்.

“நான் எங்கடி பாத்தேன்? கேக்கறேன். ஒன்பதாம் படிக்கு மேல இருக்கற கோடா?”

“மன்னெஸ், ஜன்னலை மூடு,” என்றார் ஹெட்டி அக்கா. “வளைவு முடியற வரைக்கும் வீட்டுக்காரங்களுக்குக் கண்ணும் கிடையாது, வாயும் கிடையாது. நாலு மணிக்குப் பேசிக்கோ.”

“இல்ல ஹெட்டி, அந்தக் கோட்டை—”

ஜன்னல் மூடியது. தன் நாற்பதாவது கல்யாண நாளிலும் நம் வழக்கத்துக்கு அவர் கட்டுப்பட்டதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பதினோரு மணிக்கு, கோட்டுக்கு ஒரு சாண் கீழே அறுத்தேன். ரம்பம் அலுமினியத்தில் கீச்சிட்டது. பென்னி தொப்பியைக் கழற்றிவிட்டார். கடைசியில் இரண்டு பேர் கை தட்டினார்கள், ஒருவர் தட்டியது தூசி என்று பிறகு தெரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எப்போதும் நின்றதில்லை, பன்னிரண்டு மணிவரை அப்படியே நின்றேன்.

பன்னிரண்டு மணிக்கு ஹெட்டி அக்கா கேட்டார். “சரி. இப்போ நாப்பதை எதுல ஏறிக் கட்டப்போற?”

தெருவில் மிச்சமிருந்த ஏணிகளில் நீளமானது மூன்று மீட்டர். ஒருவரை டிராக்டரின் மண்வாரியில் நிற்க வைத்துத் தூக்கலாம் என்றார் பென்னி. மண்வாரி மண்ணுக்குத்தான், மனிதனுக்கு இல்லை என்றேன். இரண்டு ஏணியைச் சேர்த்துக் கட்டலாம் என்றார் இன்னொருவர். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை. மணி ஒன்று ஆனது, இரண்டு ஆனது. வளைவு ஜம்மென்று நிற்கிறது, பலகை புல்லில் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. ஹெட்டி அக்கா என்னைப் பார்க்காமல் பென்னியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெட்டி பிரிக்காத வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தபோது, தலையைத் தூக்கினால், கூரை முகப்பில் பரண் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே கொடிக்கம்பம் செருகும் இரும்பு. ஏறுவானேன். மேலே இருப்பவர்கள் இழுத்தால் போதாதா.

ஆனால் மேலே இருப்பவர்கள் யார்? காபிக்குக் கூப்பிடும்வரை அண்டைவீட்டார் வாசற்படி தாண்டக் கூடாது. உள்ளே இருப்பது கல்யாண நாள்காரர்கள் இரண்டே பேர், அவர்களோ பார்க்கக் கூடாது. நான் ஹெட்டி அக்காவைப் பார்த்தேன். அவர் பரண் ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு, “பாக்கத்தானே கூடாது,” என்றார்.

அப்படித்தான், நம் ஊர் வரலாற்றில் முதல் முறையாக, இருவர் கண்ணில் சமையலறைத் துண்டைக் கட்டிக்கொண்டு தங்கள் வளைவுப் பலகையைத் தாங்களே மாட்டினார்கள். ஜன்னல் விளிம்பு மன்னெஸ் மாமாவுக்கு நெஞ்சு உயரம் என்று முதலில் உறுதி செய்துகொண்டேன், டீனி அத்தை அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார், நான்கு காலும் தரையில். வாசல் வழியாக உள்ளே நீட்டிய ஏணியின் புதுக் கயிறு பரண் ஜன்னலிலிருந்து கீழே வந்தது, பலகையைக் கட்டினேன், இழுத்தார்கள்.

“டீனி, இரும்பு எங்க?”

“இன்னும் இடப்பக்கம்.”

“உனக்கு எப்படித் தெரியும், நீயும் கட்டிருக்கியே?”

“நாப்பது வருஷமா நீ எல்லாத்தையும் வலப்பக்கம்தான தேடற.”

“கெடச்சிருச்சு. என்ன மெத்துமெத்துன்னு இருக்கு?”

“அது என் கை.”

மூன்று நாற்பதுக்குப் பலகை நின்றது. “சாஞ்சிருக்கே,” என்றார் ஹெட்டி அக்கா. “நாப்பது வருஷம் ஆச்சுல்ல, சாயத்தான் செய்யும்,” என்றார் பென்னி. நாலு மணிக்கு வாசல் திறந்தது, டீனி அத்தை வெளியே வந்து அண்ணாந்து பார்த்து அழுதார், காபி வந்தது, கேக் வந்தது. எல்லோர் முன்னாலும் ஹெட்டி அக்கா கரண்டியால் கோப்பையைத் தட்டிச் சொன்னார்: “இனிமே இந்த வீட்டுல யாராவது செத்தா, முதல்ல யோர்ன்கிட்ட சொல்லுங்க.”

என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதே கிடையாது.

ஆகவே ஆசிரியர் அவர்கள் இதை முதல் பக்கத்தில், அறுத்த ஏணியின் படத்தோடு வெளியிட வேண்டும். வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு ஊர்மன்ற முற்றத்தில் எல்லோருடைய ஏணிகளையும் நான் இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறேன். தேறியதற்குப் பச்சை ஒட்டுச்சீட்டு. தேறாததற்கு ரம்பம், அதையும் நானே கொண்டுவருகிறேன். உங்கள் முட்டி வலியில்லாமல் மடங்கட்டும், வாசகர்களின் ஏணிகள் வழுக்காமல் நிற்கட்டும், ஏறியவர்கள் எல்லோரும் ஏறிய வழியிலேயே இறங்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
யோர்ன்
(முதல் அண்டைவீட்டுக்காரன்)

பின்குறிப்பு: ஞாயிறு மதியம். மிச்சக் கேக் சாப்பிட மன்னெஸ் மாமா கூப்பிட்டிருந்தார். அறுத்த துண்டு இரண்டும் அவர் தோட்டத்தில் அவரைக்கொடிக்கு நடப்பட்டிருக்கின்றன. டீனி அத்தை ஈரத்துணியில் கொஞ்சம் டர்பெண்டைன் விட்டு அந்தக் கோட்டை ஒரு இழு இழுத்தார். கோடு போய்விட்டது. அதன் அடியில் சட்டம் கண்ணாடி மாதிரி, விரிசலே இல்லை. அது பேனாக் கோடு. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் கல்யாண வளைவுப் பலகைக்கு ஏணியை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று மன்னெஸ் மாமா போட்ட அடையாளம், பக்கத்தில் சின்னதாக 'அலெய்டா' என்று எழுதியும் இருந்ததாம், நான் அதை அழுக்கு என்று துடைத்திருக்கிறேன். “ஏன் மாமா நேத்து காபி குடிக்கும்போதே சொல்லல?” என்று கேட்டேன். “நாலு மணி வரைக்கும் எனக்கு வாய் கிடையாதுன்னீங்க. நாலு மணிக்கு மேல வாய்ல கேக் இருந்துச்சு,” என்றார். அடுத்த மாதம் உங்கள் வெள்ளிவிழாவுக்கு அதே உயரத்தில் பலகை வைக்கத்தான் அந்தக் கோட்டை இத்தனை வருஷம் அழிக்காமல் காப்பாற்றினார்களாம், தெருவே உங்களுக்குத் தெரியாமல் வெள்ளை ரோஜா மடிக்க ஆரம்பித்துவிட்டது, ஏற்றுகிற பொறுப்பு என்னுடையதாம். ஆகவே வாசகர்களே, உங்களில் யாரிடமாவது எட்டு மீட்டர் ஏணி இருந்தால் சனிக்கிழமை கட்டாயம் எடுத்து வாருங்கள், ரம்பத்தை நான் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன், இந்தப் பின்குறிப்பை எல்லோருக்கும் அனுப்புங்கள். அத்தைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அத்தை, நீங்கள் இதைப் படிக்காமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.