அபுல் ஹஸனின் பின் நம்பர்

அபுல் ஹஸன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்தக் கொழும்புப் பயணத்தில் தன்னை ஒருத்தராலும் ஏமாற்ற முடியாது. கள்ளனாலும் முடியாது, காசு மிசினாலும் முடியாது, கைருன்னிஸாவாலும் முடியாது.

மூன்றாவதாகச் சொன்ன ஆள் அவருடைய மனைவி.

கல்முனை பஸாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மனிதர் அவர். சந்தேகம் அவருக்குச் சாப்பாடு மாதிரி, வேளாவேளைக்கு வேண்டும். மீன் வாங்கப் போனால் செவுளை விரித்துப் பார்ப்பார். பிறகு மீன்காரனின் முகத்தைப் பார்ப்பார். அந்த இடைவெளியில் மீனை மாற்றியிருப்பான் என்று மறுபடி செவுளைப் பார்ப்பார். சலூனில் கீழே விழுகிற முடி தன்னுடையதுதானா என்று திடீரெனக் குனிந்து, கத்தரிக்கோலில் காதைக் கொடுத்தவர்.

அப்படிப்பட்டவருக்கு வங்கி ஒரு கார்ட் கொடுத்தது. ரோட்டுப் பயணம் சரியில்லாத காலம், மடியில் காசு கட்டிக்கொண்டு பஸ் ஏறுவதைவிட இது பாதுகாப்பு என்றார் மனேஜர். கார்டை வாங்கிக்கொண்ட மிசின் காசைத் தரும். ஆனால் அந்த மிசின் கல்முனைக்கு இன்னும் வந்து சேரவில்லை. கொழும்பில்தான் இருந்தது.

"அதுக்குள்ள ஆர் இருக்கிற?" என்று அபுல் ஹஸன் கேட்டார்.

"ஆரும் இல்ல முதலாளி. மிசின்."

"ஆருமில்லாட்டி ஆர் எண்ணித் தாற?"

மனேஜர் பேச்சை மாற்றிவிட்டார். அதுவும் அபுல் ஹஸனுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

இந்த நேரம் பார்த்துக் கைருன்னிஸாவின் அக்கா மகள் ஹிமாயாவுக்குக் கொழும்பில் கலியாணம் வந்தது. பெண்ணுக்குத் தங்க மோதிரம் போடவேண்டும் என்றாள் கைருன்னிஸா. ஒரே தங்கச்சி, ஒரே ராத்தா, மூத்த மகள். மறுக்க வழியில்லை. அபுல் ஹஸன் "ஓம்" என்றார். சொன்னதும் நெஞ்சில் கல் ஏறிவிட்டது. கடை நிறைய அலுமினியச் சட்டி அடுக்கி வைத்திருக்கும் மனிதன் தங்கக் கடைக்குப் போவதா?

வழி காட்டியவன் டுபாயிலிருந்து லீவில் வந்திருந்த முகம்மது தம்பி. கார்ட் கள்ளர்களைப் பற்றி அவன் கடையில் உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னான். பின்னால் நின்று நம்பரை எட்டிப் பார்ப்பவன், உதவி செய்கிறேன் என்று வந்து கார்டை மாற்றிவிடுபவன், மிசின் வாயில் எதையாவது ஒட்டிவிட்டு ஓரமாக நிற்பவன். கேட்கக் கேட்க அபுல் ஹஸனுக்குப் பயம் வந்தது. பயத்துக்குப் பின்னாலேயே ஒரு யோசனையும் வந்தது. மிசினில் காசு எடுக்க முடியாமல் போனால் மோதிரம் வாங்க முடியாது. மோதிரம் வாங்க முடியாவிட்டால், ஒரு சட்டி செட்டை மினுக்குத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடலாம். பழி கள்ளன் தலையில்.

அன்றே ஒரு செட்டைச் சுற்றிப் பையில் வைத்தார். "அவசரத்துக்கு" என்றார். கலியாண வீட்டில் சட்டிக்கு என்ன அவசரம் என்று கைருன்னிஸா கேட்கவில்லை. அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான்.

பஸ் ஏறியதும் மனைவிக்குப் பாடம் தொடங்கியது.

"இஞ்ச புள்ள, மிசினடியில கவனம். நம்பர் அடிக்கக்குள்ள கையப் பொத்தோணும். ஒருத்தரும் பாக்கப்படாது. ஆரும் உதவிக்கு வந்தா வேணாம் எண்டு செல்லோணும். நம்பர் ஒராள்ற காதுல விழுந்தாலும் அது மௌத்து, செத்த நம்பர். ஒடனே மாத்தோணும்."

"சரி. என்ன நம்பர்?"

"ஒனக்கும் செல்ல மாட்டன். கார்ட் எண்டா ஆருக்கும் காட்டப்படாது. பின் நம்பர் எண்டா பின்னால நிக்கிறவனுக்கும் தெரியப்படாது."

"நான் பின்னால நிக்கல்லயே, பக்கத்துலதான இருக்கன்."

"அதான் இன்னும் மோசம்."

கொழும்பில் இறங்கியதும் அபுல் ஹஸன் கறுப்புக் கண்ணாடி போட்டார், துவாயால் தலையைச் சுற்றினார், கைருன்னிஸாவை வெளியே நிறுத்திவிட்டு முதல் மிசினடிக்குப் போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"இது சரிவராது. வாயில என்னத்தையோ ஒட்டி வச்சிருக்கானுகள்."

கைருன்னிஸா எட்டிப் பார்த்தாள். "கார்டை இஞ்ச போடுங்க எண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு."

"ஸ்டிக்கர் எண்டுதான் ஒட்டுவான்! கள்ளன் எண்டா ஒட்டுவான்?"

இரண்டாவது மிசினிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தார். "பின்னால ஒருத்தன் நிண்டு என்ட கையையே பாக்கான்!"

"அந்தா பொல்லோட நிக்கிறவரா? அவர் கண் தெரியாத மனிசன். லொத்தர் டிக்கட் விக்கிறார்."

"கண் தெரியாதவனுக்குக் காது நல்லாக் கேக்கும்."

வெயில் தலையைப் பிளந்தது. கைருன்னிஸா கோபப்படவில்லை. அதுதான் அபுல் ஹஸனுக்குப் பிடிபடவில்லை. அவள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். "கள்ளனில்லாத மிசின் ஒண்டு இருக்கத்தான வேணும், தேடுவம்" என்றாள்.

மூன்றாவது மிசினடியில் நிலைமை மாறியது. கறுப்புக் கண்ணாடியும் துவாய்த் தலையுமாக வங்கி வாசலில் அங்குமிங்கும் பார்த்து நின்றவரை, வாசற் காவலாளி பார்த்துவிட்டான். அது குண்டுக்குப் பயந்து கொழும்பே பையைத் திறந்து காட்டிய காலம். காவலாளி வந்தான். அடையாள அட்டை கேட்டான். பையைத் திறக்கச் சொன்னான். மினுக்குத் தாளுக்குள் வட்டமாக, கனமாக என்னவோ இருந்தது. காவலாளி இரண்டு அடி பின்னுக்குப் போனான்.

"சட்டி! சட்டி!" என்று அபுல் ஹஸன் தமிழில் கத்தினார்.

கைருன்னிஸா முன்னுக்கு வந்தாள். அவள் வாப்பா அம்பாறை டவுனில் கடை வைத்திருந்தவர். சிங்களம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. என்ன சொன்னாளோ, காவலாளி சிரித்தான். கதவைத் திறந்து பிடித்து அபுல் ஹஸனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"என்ன புள்ள செல்லின?"

"இவருக்குக் கொஞ்சம் சுகமில்ல, கெதியாக் காசெடுத்திட்டுப் போயிருவம் எண்டன். வாங்க."

இனி ஓட வழியில்லை. அபுல் ஹஸன் கார்டை நுழைத்தார். கைருன்னிஸா முந்தானையை விரித்து அவரையும் மிசினையும் சேர்த்துப் போர்த்தினாள்.

"என்ன செய்யிற?"

"பொத்தோணும் எண்டீங்களே. இனி ஒருத்தனும் பாக்கேலாது."

உண்மைதான். முந்தானைக்கு வெளியே இருந்த ஒருத்தனும் பார்க்க முடியாது. உள்ளே இருந்தவள் மட்டும் பார்க்கலாம்.

அபுல் ஹஸனுக்கு இன்னும் ஒரு வழி மிச்சமிருந்தது. வேண்டுமென்றே பிழையான நம்பரை அடித்தார். மிசின் கீச்சிட்டது. "பாத்தியா, மிசின் பழுது!" மறுபடியும் வேறொரு பிழையை அடித்தார். மிசின் மறுபடி கீச்சிட்டு, திரையில் இங்கிலீசில் நீளமாக எதையோ காட்டியது. அபுல் ஹஸனுக்கு இங்கிலீசு எட்டாது. கைருன்னிஸா வாசித்தாள்.

"இன்னொருக்காப் பிழைச்சா கார்டை விழுங்குமாம்."

"என்ன?"

"திருப்பித் தராதாம்."

அபுல் ஹஸன் கையைப் பின்னுக்கு இழுத்தார். அடுத்த சரக்குக்கு வைத்திருந்த காசு முழுக்க அந்தக் கணக்கில் கிடந்தது. போதும் விளையாட்டு, சரியான நம்பரை அடித்துவிடுவோம் என்று விரலை நீட்டினார். விரல் நின்றது. பிழை நம்பர்கள் இரண்டும் சரியான நம்பரும் மண்டைக்குள் சாம்பார் மாதிரிக் கலந்துவிட்டன.

"அடிங்களன்."

"புள்ள... மறந்திட்டன்."

"பொய்."

"வல்லாஹி மறந்திட்டன்! யா அல்லாஹ், கடையே போகப் போகுது!"

முந்தானைக்குள் வியர்வை ஓடியது. வெளியே காவலாளி செருமினான். மிசின் பொறுமையிழந்து கீச்சிட்டது.

"ஏழு, எட்டு, ரெண்டு, ஒண்டு" என்றாள் கைருன்னிஸா, நல்ல சத்தமாக.

அபுல் ஹஸன் அவளைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒங்கட பழைய மோட்டசைக்கிள், அந்த ஹொண்டா ஃபிஃப்டிட நம்பர். வேற என்னத்தப் போடுவீங்க? அத வித்த அண்டைக்கு நீங்க சோறு தின்னல்ல. என்ட வாப்பா மௌத்தான அண்டைக்கே ரெண்டு பிளேட் தின்ன மனிசன்."

ஒவ்வொன்றாக அடித்தார். மிசின் சந்தோசமாக உறுமியது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டது. அதற்கும் அவளே அடித்தாள்.

"ஒரு சைபர் கூடிட்டு புள்ள!"

"இருக்கட்டும். கணக்குல கிடந்தாக் கள்ளன் எடுத்திருவான்."

காசு வந்தது. கார்டை இழுக்கப் போன கையை அவள் பிடித்தாள். "பொறுங்க. நான் நம்பரச் சத்தமாச் செல்லிட்டன். செக்யூரிட்டிட காதுல விழுந்திருக்கும். இப்ப அது மௌத்துத்தான?"

அது அவர் சொன்ன சட்டம்.

"மாத்திறதுக்கு இஞ்சயே இடமிருக்கு. அங்கால திரும்புங்க."

"நான் என்னத்துக்குத் திரும்புற?"

"நம்பர் அடிக்கக்குள்ள ஒருத்தரும் பாக்கப்படாது."

அபுல் ஹஸன் திரும்பி நின்றார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் காவலாளி அவரைப் பார்த்துத் தலையாட்டினான். தனக்கும் வீட்டில் இதே கதைதான் என்பது போலிருந்தது அந்தத் தலையாட்டல்.

ஹிமாயாவின் விரலில் மோதிரம் ஏறியது. கூடிய சைபர் கைருன்னிஸாவின் காதில் ஒரு சோடி பூவாக மின்னியது. சட்டி செட்டையும் அவள் கையோடு ராத்தாவிடம் கொடுத்துவிட்டாள், அதைத் திரும்பக் கல்முனைக்குச் சுமப்பானேன் என்று.

வீடு திரும்பும் பஸ்ஸில் அபுல் ஹஸன் கார்ட் இல்லாத சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வந்தார். கண்டி தாண்டி மலை இறங்கியபோது கைருன்னிஸாவே கைப்பையைத் திறந்து கார்டை எடுத்தாள். அவர் சட்டைப் பையில் போட்டுத் தட்டிவிட்டாள்.

"இந்தாங்க. ஒங்கட சாமான்."

அவருக்கு முகம் மலர்ந்தது. என்ன இருந்தாலும் நல்லவள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நம்பர்?"

"ஒங்களுக்கு லேசா இருக்கட்டும் எண்டுதான் போட்டன்." அவள் அவர் காதோரம் குனிந்தாள். "நம்மட கலியாணத் திகதி."

சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்து நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

மிசின் மூன்று தரம்தான் பொறுக்கும். அவளிடம் கேட்டால் அவள் ஒரு தரமும் பொறுக்க மாட்டாள். அபுல் ஹஸன் அம்பாறை வரும்வரை நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். மாரி காலமா, வெயில் காலமா, அதுகூடத் தெரியவில்லை. எவ்வளவு முக்கியும் ஞாபகத்துக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்குச் சோற்றில் இறைச்சி குறைவு.