இறுக மறுத்த சிமென்ட் பற்றி மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, இளைய மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. நானும் உங்கள் மகளும் நலம். குளியலறைதான் நலமில்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உங்களுக்கு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதைப் பத்து நாள் தள்ளிப்போடும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள்.

என் வேலையைப் பற்றி உங்களுக்கு எப்போதுமே ஓர் அபிப்பிராயம் உண்டு. "சிமென்ட் இறுகாம பாத்துக்கறதெல்லாம் ஒரு வேலையா, மாப்பிள்ளை?" என்று கல்யாணத்தன்றே கேட்டீர்கள். எண்ணெய்க் கிணற்றில் சிமென்ட் கரைசலை மைல் கணக்கில் கீழே இறக்க வேண்டும், அடியிலோ கொதிக்கிற சூடு, அந்தச் சூட்டில் அது பாதி வழியிலேயே கல்லாகிவிட்டால் கிணறு பாழ், அதனால் ஒரு பாலிமர் பொடியைக் கலந்து அதன் அவசரத்தை அடக்குகிறோம், எவ்வளவு பொடிக்கு எத்தனை மணி நேரம் அடங்கும் என்று அளந்து சொல்பவன் நான். அப்படிப்பட்டவன், நீங்கள் பிடித்துக்கொண்டு எழுவதற்காகக் குளியலறைத் தரையில் ஓர் இரும்புக் கம்பி நடக் கொத்தனாரை அழைத்து, அவர் சிமென்ட் குழைக்கும்போது சும்மா இருந்திருக்கலாம். நிதானமாக நேர்பார்த்து நிறுத்தலாமே என்று வேலையிலிருந்து கொண்டுவந்து மிச்சமிருந்த பொடியில் கொஞ்சம் போட்டேன். கைப்பழக்கத்தில் நான் போட்ட அளவு, நூற்றைம்பது டிகிரி கிணற்றுக்கானது. நம் குளியலறையில் வெந்நீருக்கே அந்தச் சூடு கிடையாது.

நாலு நாளாகிறது. கொத்தனார் தினமும் வந்து விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் சேறாத்தான் சார் இருக்கு. முப்பது வருஷத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல" என்று துக்கம் விசாரிப்பவர் போலச் சொல்லிவிட்டுப் போகிறார். கம்பி சாயாமலிருக்க ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்திருக்கிறோம். உங்கள் மகள் என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "ஆறு வருஷமா கூப்பிட்டு இப்பத்தான் அப்பா வர்றேன்னாரு, அதையும் கெடுத்தாச்சு." வருத்தமாக இருக்கிறது, மாமா. பத்து நாள் மூத்த மாப்பிள்ளை வீட்டிலேயே இருங்கள். அந்த வசதியைப் பார்த்து அங்கேயே தங்கிவிட மட்டும் வேண்டாம்.

அங்குள்ள அனைவருக்கும் எங்கள் அன்பு. உங்கள் ஆசியையும் கொஞ்சம் பொறுமையையும் வேண்டும்,
இளைய மாப்பிள்ளை.

பி.கு.: உறையில் போடும்போது உங்கள் மகள் கூப்பிட்டாள். சிமென்ட் இறுகிவிட்டது. இருவரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம், இம்மியும் அசையவில்லை. ஆனால் கம்பி கதவுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, ஏனென்றால் முட்டுக்கொடுத்த நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் நான் இதை எழுதினேன். நாலு நாள் இறுகாதது, இந்த ஒரு மணி நேரத்தில் இறுகியிருக்கிறது. கம்பி இடிப்பதால் இனி அந்தக் கதவைச் சாத்த முடியாது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு வெள்ளிக்கிழமையே வாருங்கள். நீங்கள் குளித்து முடிக்கும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நான் வாசலை மறைத்து நிற்கிறேன். இதைச் சொன்னதும், நாலு நாளில் முதல் தடவையாக உங்கள் மகள் சிரித்தாள்.