அறை காலியில்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

விடுதியின் முன்மேசையில் உட்கார்ந்து உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கு நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள். இல்லாவிட்டால் தங்கை இதற்குள் நான்கு முறை போன் செய்திருப்பாள். போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள் என்பதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

நீங்கள் சுற்றுலாத் துறையில் ஆலோசகராக இருந்து பத்துப் பேருக்குச் சொல்வதை எனக்கும் சொன்னீர்கள். வருகிற பயணி சுத்தம் பார்ப்பான், பாதுகாப்பு பார்ப்பான், ரோடு பார்ப்பான், முகம் கொடுத்துப் பேசுகிறார்களா என்று பார்ப்பான். ஆனால் வெளிநாட்டிலிருந்து பணம் போட வருகிறவர் இதில் ஒன்றையும் பார்க்க மாட்டார், பயணி இருக்கிறானா என்றுதான் பார்ப்பார் என்றீர்கள். வியாழக்கிழமை அப்படிப் பணம் போடுகிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் வருவார், அன்று விடுதி ஈயாடக் கூடாது என்றும் சொன்னீர்கள். அந்தப் பணம் வராவிட்டால் இந்த சீசனோடு விடுதியை இழுத்து மூடுவது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருந்தது உங்களுக்குத் தெரியும். கூரை ஒழுகுகிறது. கடற்கரைக்கு வருகிற கூட்டமெல்லாம் எதிர்சாரியில் இருக்கும் மீசைக்காரர் விடுதிக்குப் போகிறது. அங்கும் பாதி காலிதான் என்பது மட்டுமே எனக்கு ஆறுதல்.

எட்டு அறைக்குப் பயணிகளுக்கு எங்கே போவது என்று யோசித்து, கடைசியில் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டோம். பெரியப்பா குடும்பம், சித்தப்பா குடும்பம், என் மனைவியின் அக்கா வீட்டார், எல்லோருக்கும் மேலாக உங்கள் அப்பாவும் அம்மாவும் மனமுவந்து வந்தார்கள். ஏழு அறை நிரம்பியது. கடலைப் பார்த்த அறையை வருகிறவருக்கென்று பூட்டி வைத்தோம். எல்லோருக்கும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்து, பயணிகள் ஒருவரையொருவர் தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்று என் மனைவி வகுப்பே எடுத்தாள். இதைப் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள் பெரியப்பாவும் சித்தப்பாவும்தான். மனைத் தகராறில் அவர்கள் பேச்சு நின்று பல வருடம் ஆகிறது.

மற்றவர்களால் முடியவில்லை மாப்பிள்ளை. பயணி என்றால் படுக்கையைக் கலைத்துப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போக வேண்டும். இவர்கள் கறுப்புக் கண்ணாடியோடு போர்வை மடித்தார்கள். மனைவியின் அக்கா மாடிப்படியைப் பெருக்கினார். உங்கள் அம்மா அடுக்களைக்குள் போய், எங்கள் சமையல்காரர் வெங்காயம் நறுக்குவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கத்தியை வாங்கிக்கொண்டார். உங்கள் அப்பா எந்த அறையில் விளக்கு எரிந்தாலும் அணைத்துவிட்டு வந்தார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மதியம் தோளில் மூட்டைப் பையும் நனைந்த செருப்புமாக ஒரு வெளிநாட்டுப் பெண்மணி தனியாக வந்து அறை கேட்டார். வருடக்கணக்கில் நான் சொல்ல ஏங்கிய வார்த்தையைச் சொன்னேன். "ரூம் காலியில்லைங்க." அவர் சுற்றிப் பார்த்தார். எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். வருடம் முழுக்க இப்படித்தான், ஊரிலேயே அறை கிடைக்காது என்று, வாய்க்கு வந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் முகம்கொடுத்தல் பாடம் நினைவுக்கு வந்ததால் துண்டும் டீயும் கொடுத்து, அவர் மூட்டையை நானே தூக்கிக்கொண்டு எதிரே மீசைக்காரரிடம் கொண்டுபோய் விட்டேன். முழங்கால் இப்படி ஆனது அதில்தான். மீசைக்காரரும் கௌரவம் விடாமல், இருப்பது இந்த ஒரே அறைதான் என்று சொல்லி அவருக்குச் சாவியைக் கொடுத்தார்.

மாலையில் நம்மவர் வந்தார். டை கட்டி, கையில் தோல் பெட்டியோடு, கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றார். மேற்கொண்டு விசாரித்தால் மரியாதைக் குறைவு என்று என் மனைவி கண்ணால் தடுத்துவிட்டாள். என்ன நுணுக்கம் என்கிறீர்கள்! எட்டு அறையிலும் குழாயைத் திறந்து மூடினார், சுவரைத் தட்டினார், குளியலறையில் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் அப்பா அவர் தலைக்குமேல் இருந்த விளக்கை அணைத்தார், அதற்கும் கோபிக்கவில்லை. "இங்க எல்லாரும் சொந்த வீடு மாதிரி இருக்காங்க. இவ்வளவு பெரிய வேலை இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு, விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்று கை குலுக்கிப் போனார். அன்றைக்கு நானும் என் மனைவியும் நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் மீசைக்காரரைப் பார்த்து, மனம் தளர வேண்டாம், எல்லாருக்கும் ஒரு காலம் வரும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாம் நீங்கள் காட்டிய வழி. கூரை மாற்றியதும் முதல் அறை உங்களுக்குத்தான். தங்கைக்கு என் ஆசியும், பிள்ளைகளுக்கு முத்தங்களும். நீங்கள் குறைவின்றி வாழ வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபாலில் போட மறந்து, பத்து நாள் கழித்துப் பிரித்து எழுதுகிறேன். டை கட்டியவரிடமிருந்து விவரம் வந்துவிட்டது. எட்டு அறைக்கும் புதுக் குழாய் மாட்ட என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறார். அவர் குழாய்க் கம்பெனி விற்பனையாளர். உங்கள் முதலீட்டாளர் அந்த மூட்டைப் பெண்மணி. இந்த ஊரில் அறைக்கு அவ்வளவு தட்டுப்பாடு என்று நான் சொன்னதை நம்பி, மீசைக்காரரைக் கூட்டாளியாக்கி, அவர் விடுதிக்குப் பக்கத்துக் காலி இடத்தில் பெரிய ஹோட்டல் கட்டப் போகிறாராம். எதிரி கடைக்கு மூட்டை தூக்கிக்கொண்டு வந்த மனிதர் முன்மேசைக்கு வேண்டும் என்று எனக்கு வேலையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். "இல்லைன்னு சொல்றதுல உங்களுக்குத்தான் நல்ல பழக்கமாச்சே" என்கிறாள் என் மனைவி.

அதுகூடப் போகட்டும். அந்தப் பெண்மணியின் இன்ஜினியர்கள் வந்து எதிர் விடுதி முழுக்கத் தங்கிவிட்டதால், அங்கே வரும் பயணிகளை மீசைக்காரர் பெருந்தன்மையாக இங்கே அனுப்புகிறார். காசு கையில் வைத்துக்கொண்டு வரிசையாக வருகிறார்கள் மாப்பிள்ளை. இப்படியே வந்தால் யார் பணமும் இல்லாமல் நானே கூரை போட்டுவிடுவேன். ஆனால் வந்த சொந்தங்களில் ஒருவரும் கிளம்பவில்லை, பூட்டி வைத்திருந்த கடலைப் பார்த்த அறையையும் பிடித்துக்கொண்டார்கள். கடல் காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதாம். உங்கள் அப்பா அம்மா முதலில் கிளம்பாமல் தாங்கள் கிளம்புவது மரியாதையில்லை என்று பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். இதற்காகப் பேசிக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் நான், உங்கள் அப்பா அம்மாவிடம் போய்க் கிளம்பச் சொல்லி எப்படிக் கேட்பேன்? போனில் உங்களிடம் சொல்லலாம் என்றால் போனுக்குப் பக்கத்தில்தான் உங்கள் அப்பா உட்கார்ந்திருக்கிறார். சற்றுமுன் ஒரு குடும்பம் வந்து அறை கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "ரூம் காலியில்லைங்க."