ஏன் கொழும்புக்கு வந்தாய்?

“மாஸ்டர், ஒரு பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரும் கள்ளராம்,” என்றாள் தட்டச்சுக்காரி ஐறீன்.

விசுவலிங்கம் மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கணினித் திரையில் குனிந்தார். வெள்ளவத்தையில் அந்தத் தனியார் கல்லூரிக்குச் செயற்கை அறிவு வந்து இரண்டு கிழமைதான். அதிபர் சவுந்தரநாயகம் லண்டனிலிருந்து எடுப்பித்த சாமான். பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளை ஐறீன் தட்டிக் கொடுத்தால், அது வாசித்துப் புள்ளி போடும். யார் எத்தனை வீதம் பார்த்து எழுதியது என்றும் சொல்லும்.

தலைப்பு, ‘நான் ஏன் கொழும்புக்கு வந்தேன்’. எழுதியவர்கள் இருபத்தெட்டுப் பேர். அதில் இருபத்தேழு பேருக்குத் தொண்ணூறு வீதத்துக்கு மேல்.

“எல்லாரும் ஒரே கட்டுரையோ?”

“முற்றுப்புள்ளிகூட ஒரே இடத்தில மாஸ்டர்.”

பார்த்து எழுதியவர்களைக் கல்லூரியிலிருந்து நீக்குவது அதிபரின் சட்டம். நீக்கினால் கல்லூரி அட்டை போய்விடும். அட்டை இல்லாவிட்டால் லொட்ஜில் இருக்க முடியாது. கொழும்பில் இருக்கக் காரணம் காட்டாத வடக்குத் தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

வகுப்பிலிருந்து தயாபரனைக் கூப்பிட்டார்.

“ஆரைப் பார்த்து எழுதினனீர்?”

“ஒருத்தரையும் பார்க்கேல்லை சேர்.”

“அப்ப உம்மை ஆர் பார்த்தது?”

“எனக்குப் பக்கத்தில சுவர்தான் சேர் இருந்தது.”

மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். வாங்குக்கு ஒருவராக இருத்தி, தானே குறுக்கும் நெடுக்கும் நடந்து, மறுபடி எழுதுவித்தார். ஒருவரும் தலை திருப்பவில்லை. மறுநாள் ஐறீன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“இப்ப தொண்ணூற்றெட்டு, மாஸ்டர்.”

“கூடினதோ!”

தயாபரன் தலையைச் சொறிந்தான். “முதல் தரம் ஒரு வரி மறந்துபோச்சு சேர். இந்தமுறை முழுக்க ஞாபகம் வந்திட்டுது.”

“அந்தச் சனியனை விடுங்கோ! உண்மையில ஏன் வந்தனீங்கள்? அதை எழுதுங்கோ!”

அரை மணித்தியாலத்தில் ஒன்றும் எழுதாத இருபத்தேழு வெள்ளைத்தாள்கள் மேசைக்கு வந்தன.

“நூறு வீதம்,” என்றாள் ஐறீன்.

தப்பிய ஒரே ஆள் பத்மாவதி. அவளுக்குப் பூச்சிய வீதம். அவளுடைய ஆங்கிலம் நொண்டியது. மெசின் ‘காரணம் தெளிவில்லை’ என்று சொல்லி நாற்பத்தொரு புள்ளி போட்டிருந்தது. மாஸ்டர் அந்தக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தார்.

‘அண்ணாவைத் தேடி வந்தேன். அண்ணா பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவர். பாண்கடைக்காரருக்கு அண்ணாவின் முகம் ஞாபகம் இருக்கிறது. ஆகையால் நான் தினமும் அந்தக் கடையில் பாண் வாங்குகிறேன்.’

மாஸ்டர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, மெசினைத்தான் சோதிக்க வேண்டும் என்று நினைத்து, யாருடைய தாளையும் பாராமல், தான் ஏன் கொழும்புக்கு வந்தார் என்று மளமளவென்று எழுதி ஐறீனிடம் கொடுத்தார். அவள் தட்டினாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“மாஸ்டர், நீங்க ஆரைப் பார்த்து எழுதினீங்க?”

“ஏன்?”

“தொண்ணூற்றாறு.” அவள் வாய்விட்டு வாசித்தாள். “‘மேற்படிப்புக்காக வந்தேன். மாமா வீட்டில் இருக்கிறேன். விசா கிடைத்ததும் வெளிநாடு போய்விடுவேன். அரசியல் எனக்குத் தெரியாது.’ ஐம்பத்துநாலு வயசில என்ன மேற்படிப்பு மாஸ்டர்? எந்த மாமா?”

மாஸ்டர் கதிரையில் இருந்துவிட்டார். பதினாலு வருடமாக ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் சொல்லிச் சொல்லி, கை தானாக எழுதிவிட்டது.

உடனே அதிபருக்கு ரெலிபோன் எடுத்தார்.

“சேர், அது களவில்லை. பொலிசுக்குச் சொல்லுற மறுமொழி. எல்லாருக்கும் மனப்பாடம்.”

சவுந்தரநாயகம் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

“மாஸ்டர், ஒரு பிள்ளை சொந்தமா எழுதியிருக்குத்தானே? அப்ப மெசின் சரி. இருபத்தெட்டும் ஒண்டு போல எண்டா, நானே அந்தச் சாமானைத் திருப்பி அனுப்பியிருப்பன். வகுப்பு லிஸ்டைக் கொள்ளுப்பிட்டிக் கந்தோருக்குக் கொண்டு வாங்க. நீக்கிறதுக்கு இண்டைக்கே கையெழுத்து வைக்கணும்.”

லிஸ்டோடு மாஸ்டர் பஸ் ஏறினார். காலி வீதியில் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்த பொலிஸ்காரர் அவரை மட்டும் இறக்கினார்.

“கொழும்புக்கு ஏன் வந்தது?”

“மேற்படிப்புக்காக...”

“மாமா வீடு?”

“ஓம் ஐயா. விசா...”

“ஹரி, ஹரி, சரி. அரசியல் தெரியாது.” பொலிஸ்காரர் கொட்டாவி விட்டார். பிறகுதான் மாஸ்டரின் கையிலிருந்த கடதாசியைக் கண்டார். கொட்டாவி பாதியில் நின்றது. “இது என்ன? தமிழ்ப் பேர். பக்கத்தில நம்பர். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு. யார் இவங்க?”

“என்ர மாணவர் ஐயா. கொழும்புக்கு ஏன் வந்தது எண்டு கட்டுரை. எல்லாரும் ஒரே மாதிரி எழுதிப்போட்டினம். நம்பர் கூடினால் குற்றம்.”

“ஒரே மாதிரி குற்றமா? நமக்கு ஒரே மாதிரி சொல்ற ஆள் பிரச்சினை இல்லை மாஸ்டர். வேற மாதிரி சொல்ற ஆளைத்தான் நாங்க தேடுறது.” அவருடைய விரல் பெயர்களில் இறங்கிக்கொண்டே போய், கடைசி வரியில் நின்றது. “பத்மாவதி. பூச்சியம். இந்த ஆள் என்ன சொன்னது? எங்க இருக்கிறது?”

சட்டைப்பைக்குள் அந்தத் தாள் மாஸ்டரின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகச் சிவப்புப் பேனையை எடுத்தார்.

“அது மெசின் விட்ட பிழை ஐயா. முன்னால ஒரு இலக்கம் விழேல்லை. அந்தப் பிள்ளையும் மற்றவையைப் பார்த்துத்தான் எழுதினது.”

பூச்சியத்துக்கு முன்னால் ஒன்பதைப் போட்டார். ஒன்பது கொஞ்சம் சரிந்து நின்றது.

பொலிஸ்காரர் லிஸ்டை மேலிருந்து கீழே இன்னொரு முறை பார்த்தார். திருப்தியோடு தலையாட்டி, கடதாசியை மடித்துக் கொடுத்தார்.

“அப்ப எல்லாரும் பாஸ், மாஸ்டர்.”